திட்டு வாங்கி நின்ற ஆறு

ஓடுகிற ஆற்றைத் திட்டியே நிறுத்தியவள் நான். கல் வைத்து அடைக்கவில்லை, மந்திரம் போடவில்லை. வாயைத் திறந்து திட்டினேன், நின்றது. பதினோரு நிமிடம் அப்படியே நின்றது. மீன்களெல்லாம் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இதை நம்பாதவர்கள் உலகத்தில் ஏராளம், அவர்களால் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே ஒருவர் நம்பாததில்தான் என் வயிறு பற்றி எரிந்தது. அவர் என் சம்பந்தி. அவர் வாயால் 'நடந்தது' என்று சொன்னால் என் மகளுக்கு வேலை உண்டு. சொல்லாவிட்டால் அவளுடைய படகுக் கைடு உரிமம் போய்விடும், ஆயுசுக்கும் திரும்பி வராது.

நான் யார் என்று கேட்டால், ஓர் அணையின் மதகுக் கூண்டில் முப்பத்து மூன்று வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள். மதகைத் திறப்பது பொத்தான் வேலை, அதைப் பூனைகூடச் செய்யும். திறப்பதற்கு முன் மூன்று முறை சங்கு ஊதி, கீழே குளிக்கிறவன், துணி துவைக்கிறவள், தூண்டிலைப் போட்டுவிட்டுத் தூங்குகிறவன் என்று அத்தனை பேரையும் கரையேற்றித் தலையை எண்ணி முடிக்கவேண்டும். அதுதான் வேலை. எங்கள் அணையில் சங்கு பாதி நாள் ரிப்பேர். அந்தப் பாதி நாளும் நான்தான் சங்கு. ஒலிபெருக்கி ஒன்று கொடுத்தார்கள், என் குரல் தாங்காமல் அதன் வாய் கிழிந்தது. ஓய்வு பெற்ற அன்று கீழ்க்கரைக்காரர்கள் எனக்கு மாலை போட்டார்கள். பிரியத்தில் இல்லை, நிம்மதியில்.

என் மகள் அந்த அணைக் குடியிருப்பில் வளர்ந்தவள். தண்ணீர் திறந்தால் மற்றப் பிள்ளைகள் கரைக்கு ஓடும், இவள் தண்ணீரைப் பார்த்து ஓடுவாள். படித்தாள், கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள், மூன்றாம் வருடம் அந்த வேலையை உதறிவிட்டு "வெளிநாட்டுக்குப் போய் கயாக் ஓட்டப் போறேன்மா" என்றாள். கயாக் என்பது ஒரே ஒரு ஆள் இடுப்பு வரைக்கும் நுழைந்து உட்காருகிற ஒல்லிப் படகு. உறவுக்காரர்கள் துக்கம் விசாரிக்க வருவதுபோல வரிசையாக வந்தார்கள்.

"படிச்ச பொண்ணு படகு ஓட்டப் போகுதாமே" என்றார் என் நாத்தனார்.

"உங்க பையன் மட்டும் என்ன, கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து ரெண்டு விரலால துடுப்புப் போடறான். இவ ரெண்டு கையால போடட்டும்" என்றேன். அதோடு நாத்தனார் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அதற்கும் மகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

மூன்று நாடுகளில், கூடாரத்தில் தூங்கி, டப்பா சாப்பாட்டைத் தின்று, ஆறு ஆறாகப் போனாள். கடைசியில் ஒரு ராஃப்டிங் கம்பெனியில் கைடு வேலை கிடைத்தது. பாறையும் நுரையுமாகக் கொதிக்கிற ஆற்றில், காற்றடித்த ரப்பர்ப் படகில் சுற்றுலாக்காரர்களை உட்கார வைத்துக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. ஒரு நாள் பாறை பட்டுப் புருவம் கிழிந்து ஆஸ்பத்திரிக்குப் போனவள், நாலு தையல் போட்ட நர்ஸையே கல்யாணம் பண்ணிக்கொண்டாள். தங்கமான மாப்பிள்ளை. அவரோடு சேர்ந்து வந்ததுதான் அவருடைய அப்பா.

சம்பந்தி கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற இன்ஸ்பெக்டராக இருந்தவர். மனைவி தவறி வருடங்கள் ஆகின்றன. வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றாரே தவிர, வேலை அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை. போன வருடம் மூன்று மாதம் நானும் அவரும் ஒரே நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் போய் இறங்கினோம். இரண்டு அறை, ஒரு குளியலறை. அந்தக் குளியலறையிலும் ஷவர் கம்பியில் மகளின் ரப்பர் உடுப்புகள் தலையில்லாத ஆட்களைப்போல வரிசையாகத் தொங்கும். காலையில் சம்பந்தி பால் பாக்கெட்டை உடைத்து, அளவுக் குவளையில் ஊற்றி, குனிந்து கண்ணை நேராக வைத்துப் பார்த்து, "பத்து மில்லி குறையுது" என்று அறிவித்த பிறகுதான் வீட்டில் அடுப்பு எரியும். பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட எடைபோட்டு அனுப்பினார் என்று நான் சொன்னால் அது கொஞ்சம் கூடுதல். கொஞ்சம்தான்.

"ஊரான் பிள்ளைங்களை ரப்பர்ப் படகுல ஏத்தி ஆத்துல உருட்டி விடறது ஒரு உத்தியோகமா, சம்பந்தியம்மா?" என்பார் தினமும் ஒரு தடவை.

"கல்லுக்குப் பக்கத்துல கல்லை வச்சுப் பார்த்தது மட்டும் உத்தியோகமாக்கும்" என்பேன்.

"என் கையில ஒரு ஆள் செத்ததில்ல."

"கம்பெனி ஏட்டைப் பாருங்க. இவ கையிலயும் சாகல."

இப்படியே பொழுது போனது. அவருக்கு எரிச்சல் மூட்டவே நான் கம்பெனிக் குளத்தில் கயாக் கற்றுக்கொள்ளப் போனேன். முதல் நாள் நாற்பதாயிரம் தடவை கவிழ்ந்தேன். குளத்துத் தண்ணீரில் பாதி என் மூக்கு வழியாகப் போய்க் காது வழியாகத் திரும்பி வந்தது. கம்பெனி முதலாளி கரையில் நின்று சிரித்தான். அவனும் நம் மொழிக்காரன்தான், அங்கே குடியேறி இருபது வருடம் ஆகிறதாம். சாப்பிடும்போதும் கழுத்தில் விசில் தொங்கும், அதனால் எல்லாரும் அவனை 'விசில்' என்றே கூப்பிட்டார்கள். "ஆன்ட்டி, உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்றான். அவனுக்கும் எனக்கும் வயது வித்தியாசம் ஆறோ ஏழோதான். ஆன்ட்டியாம். அன்றைக்கே அவன்மேல் எனக்கு ஒரு கணக்கு ஆரம்பமாகிவிட்டது.

மகள் அப்போது தலைமைக் கைடு ஆகிற தேர்வில் இருந்தாள். ராஃப்டே ஏறாத புது ஆட்களை வைத்துப் பத்து முறை ஆற்றில் இறக்கிக் காட்டவேண்டும். பாதுகாப்புக்கு ஒரு கயாக் பின்னாலேயே வரவேண்டும், அது சட்டம். ஒன்பது முடிந்தது. பத்தாவதுக்கு அந்த வாரம் சுற்றுலாக்காரர் ஒருத்தரும் வரவில்லை.

"வீட்டுல ரெண்டு பெருசுங்க சும்மாதானே இருக்கு. கூட்டிட்டு வா. பின்னாடி கயாக்ல நானே வரேன்" என்றான் விசில்.

சம்பந்தி வரமாட்டார் என்று நினைத்தேன். "வரேன். நேர்ல சோதிச்சுப் பார்த்துட்டே சொல்றேன்" என்று முதல் ஆளாகச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அந்த ஆற்றில் தண்ணீர் தானாக வருவதில்லை. மேலே ஓர் அணை. தினமும் பதினோரு மணிக்கு மதகு திறப்பார்கள், அதற்குப் பிறகுதான் ஆறு வெறிபிடித்து ஓடும். அதற்கு முன் இடுப்பளவு, சாது. புது ஆட்களைப் பத்து மணிக்குள் இறக்கி, பதினோரு மணிக்குள் கரையேற்றிவிடுவார்கள். படகு இறங்குகிற இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் அணை தெரியும், அவ்வளவு பக்கம். நான் பார்த்தேன். நாலு மதகு, துடைத்து வைத்த மாதிரி. கம்பத்தில் சங்கும் இருந்தது, பெயின்ட் புதுசு. இப்போதெல்லாம் போனில் செய்தி அனுப்பிவிடுவார்களாம், ஊதுவது கிடையாதாம். எனக்குச் சுருக்கென்றது. ஆற்றில் குளிக்கிறவன் போனைக் கையிலா வைத்திருப்பான்?

கம்பெனிக் கொட்டகையில் ஆணியில் மாட்டியிருந்த மிதவைச் சட்டைகளை எடுத்து மகள் எங்களுக்குப் போட்டுவிட்டாள். முன்பக்கம் மூன்று பக்கிள். வயிற்றில் ஒன்று, நெஞ்சில் ஒன்று, கழுத்துக்குக் கீழே ஒன்று. மூன்றையும் அவளே இழுத்து இறுக்கினாள். பிறகு சொன்னாள்:

"மாமா, அம்மா, ரெண்டு பேரும் நல்லாக் கேளுங்க. தண்ணியில விழுந்தா எழுந்து நிக்கவே கூடாது. ஆழம் முழங்கால் அளவா இருந்தாலும் நிக்கக் கூடாது. மல்லாந்து படுத்து ரெண்டு காலையும் முன்னாடி நீட்டி மேல தூக்கிக்கணும். காலை ஊன்றினா பாறை இடுக்குல மாட்டும். மாட்டினா மேல இருந்து வர்ற தண்ணி ஆளை மடக்கிப் போட்டுடும்."

மூன்று தடவை சொன்னாள். சிமென்ட் தரையில் படுத்துக் காட்டச் சொன்னாள். நான் படுத்துக் காலைத் தூக்கினேன், இடுப்பில் ஏதோ ஒன்று இடம் மாறியது. சம்பந்தி நின்றபடியே, "புரிஞ்சுது, புரிஞ்சுது" என்றார்.

கிளம்பினோம். மகள் நடுவில் உட்கார்ந்து இரண்டு பெரிய துடுப்பையும் வலித்தாள். பின்னால் விசில் கயாக்கில் வந்தான். முதல் வளைவில் ஒரு பாலம். அதைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பாறை. நடுவே ஒரு சின்ன நீர்வீழ்ச்சி. எனக்கானால் சிரிப்புத் தாங்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் நான் அடைத்தும் திறந்தும் வைத்த தண்ணீர் அப்போதுதான் முதல் தடவையாக என்னைச் சுமந்துகொண்டு போகிறது. சம்பந்தி ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு துடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, இடது பக்கத்துது ஒரு இஞ்ச் நீளமா இருக்கே" என்று சுட்டிக்காட்டக் கயிற்றை விட்டார். படகு பாறையில் முட்டியது. சம்பந்தி சுட்டிய விரலோடு தண்ணீருக்குள் போனார்.

"மாமா, படுங்க. காலைத் தூக்குங்க, மாமா" என்று மகள் கத்தினாள்.

மாமா எழுந்து நின்றார். நடுத் தெருவில் வேட்டியைச் சரிசெய்கிறவர்போல நிமிர்ந்து நின்றார். இரண்டடி எடுத்து வைத்தார். மூன்றாவது அடியில் வலது கால் இரண்டு பாறைக்கு நடுவில் கணுக்கால்வரை இறங்கி மாட்டிக்கொண்டது.

மகள் படகைக் கரையில் இடித்து நிறுத்தி, என்னை இறக்கி, இடுப்பில் கயிற்றோடு அவரிடம் போனாள். தண்ணீர் அவர் இடுப்புக்குத்தான் இருந்தது. அவள் முங்கி முங்கிக் காலை அசைத்துப் பார்த்தாள். வரவில்லை. பின்னால் வருகிற கயாக்குக்காக மூன்று முறை விசில் ஊதினாள். கயாக் வரவில்லை. அந்த மகராசன் போனில் அழைப்பு வந்ததென்று பாலத்தடியிலேயே கரையேறிவிட்டான். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

நான் கரையில் நின்றேன். அப்போது பார்த்தேன். பாறை ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த நுரை மெல்ல அசைந்தது. அடுத்து, கரையில் கிடந்த சருகுகள் மிதந்து வரத் தொடங்கின. என் பாதத்தில் தண்ணீர் தொட்டது. ஐஸ்கட்டியில் கால் வைத்த குளிர். வெயிலில் கிடந்த தண்ணீர் அப்படிக் கடிக்காது. அது அணையின் அடியிலிருந்து வருகிற தண்ணீர். மணி பத்து பத்து. ஐம்பது நிமிடம் முன்னாலேயே மதகைத் திறந்துவிட்டான் ஒருவன். சங்கு ஊதாமல். கீழே ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காமல்.

எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் அது கோபத்துக்குச் செய்கிற அவமானம். உச்சந்தலையில் வெந்நீர் கொதித்தது. கரையில் இருந்த ஈரமெல்லாம் என் சூட்டில் காய்ந்து ஆவியானது.

கரையில் நூறடி தள்ளி ஒரு மஞ்சள் பெட்டி உண்டு, அணையின் கட்டுப்பாட்டு அறைக்கு நேராகப் பேசுகிற அவசர போன். அறுபத்திரண்டு வயதில் அந்தப் பாறைகள்மேல் நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஆடுகள் வெட்கப்பட்டிருக்கும். பெட்டியைத் திறந்து போனை எடுத்தேன். எதையோ மென்றுகொண்டே ஒரு ஆண்குரல் அவன் மொழியில் என்னவோ கேட்டது.

"எவன்டா அங்க? சங்கு ஊதினியா? கீழ எத்தனை தலைன்னு எண்ணினியா? உன் கையில இருக்கிறது மதகா, வீட்டுக் குழாயா? முப்பத்து மூணு வருஷம் ஊதாம ஒரு நாள் திறந்திருப்பேனாடா நான்? இங்க ஒரு மனுஷன் கால் மாட்டிக் கிடக்கான். ஒருத்தி அவனைப் பிடிச்சிட்டு நிக்கறா, அவ என் வயித்துல பிறந்தவ. நீ அங்க உட்கார்ந்து எதையோ கொறிச்சிட்டிருக்கே. துப்புடா அதை."

அவனுக்கு ஒரு சொல் புரிந்திருக்காது. ஆனால் மென்றது நின்றது. மதகுக் கூண்டில் வேலை பார்க்கிறவனுக்கு அந்தக் குரல் எந்த மொழியில் வந்தாலும் தெரியும். கூண்டில் எல்லாருக்கும் ஒரு நாள் அந்தக் குரல் கேட்கும் என்ற பயத்திலேயேதான் அவர்கள் வேலை பார்ப்பது. அவன் பயந்துவிட்டான், என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அவன் மொழியில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம். டவுன் பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பெண்குரல் சொல்லும், 'கதவு மூடப்படுகிறது, விலகி நில்லுங்கள்' என்று. மூன்று மாதம் தினமும் கேட்டு மனப்பாடம். அதை எடுத்து விட்டேன். அந்த பஸ் பெண் சாந்தமாகச் சொல்வாள், நான் பல்லைக் கடித்துச் சொன்னேன். பதினேழு தடவை. அணையே பஸ் ஏறப் போகிறதோ என்று பக்கத்து மலை யோசித்திருக்கும்.

மேலே இரும்பு உறுமுகிற சத்தம் கேட்டது. மதகு இறங்குகிற சத்தம். அது எனக்குத் தாலாட்டு மாதிரி, தூக்கத்திலும் அடையாளம் தெரியும்.

திரும்பி ஓடி வந்தால் சம்பந்தியின் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. கண்ணை இறுக மூடியிருந்தார். மகள் அவருக்குப் பின்னால் நின்று, வருகிற தண்ணீரை முதுகில் வாங்கிக்கொண்டு, ஒரு கையால் அவர் தாடையை மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். மூடிய மதகின் பயன் கீழே வந்துசேர நாலைந்து நிமிடம் பிடிக்கும். அது எனக்குத் தெரியும், தண்ணீருக்குத் தெரியாது. அது ஏறிக்கொண்டேதான் இருந்தது. அவர் உதட்டைத் தொட்டது. நான் கரையில் நின்று ஆற்றையும் ஒரு பிடி பிடித்தேன். அதன் பரம்பரையையே இழுத்தேன்.

நின்றது. ஒரு விரற்கடை ஏறவில்லை, இறங்கவில்லை. பிறகு இறங்கியது. மகள் சட்டையில் செருகியிருந்த கத்தியை எடுத்து, முங்கி, அவருடைய செருப்பு வாரை அறுத்தாள். கால் வந்தது. கணுக்கால் எலும்புதான் முறிந்திருந்தது. கரையில் அவரைப் படுக்க வைத்த பிறகு விசில் ஓடி வந்தான். தலைமுடி காய்ந்து பறந்துகொண்டிருந்தது.

மறுநாளே ஆற்று வாரியத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். கைடு எதையும் சொல்லித்தரவில்லை, அதனால் பயணி எழுந்து நின்றார், தண்ணீர் ஏறவே இல்லை, நான் பின்னாலேயே இருந்து பார்த்தேன் என்று. அணைக்காரர்களும் ஒரு கடிதம் அனுப்பினார்கள். மணிக்கு ஒரு முறை நீர்மட்டம் குறிக்கிறோம், பத்து மணிக்கும் பதினோரு மணிக்கும் சரியாக இருக்கிறது என்று. பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் எத்தனை களவாணித்தனம் ஒளிந்து விளையாடும் என்று எனக்கா தெரியாது? வாரியம் மகளின் உரிம அட்டையை வாங்கி வைத்துக்கொண்டது. மூன்று வாரத்தில் விசாரணை. அவள் பேச்சு குற்றம் சாட்டப்பட்டவள் பேச்சு. என் பேச்சு பெற்றவள் பேச்சு. மிச்சம் இருந்த சாட்சி ஒன்றுதான். அது வரவேற்பறை நாற்காலியில் காலில் கட்டோடு உட்கார்ந்து பால் அளந்துகொண்டிருந்தது.

"சம்பந்தி, தண்ணி ஏறிச்சா இல்லையா?"

"நான் கண்ணைத் திறக்கல. பார்க்காததுக்கு முத்திரை குத்தமாட்டேன்."

"கண்ணுலயா தண்ணி ஏறும்? கழுத்துல ஏறல?"

"பயத்துல ஒரு அடி ஒம்பது அடியாத் தெரியும், சம்பந்தியம்மா. பயத்தை வச்சு எதையும் அளக்க முடியாது."

"அப்ப நான் திட்டினது?"

"அது கேட்டுது. கேக்காதவங்க யாரு? ஆனா ஆறு அதுக்காக நின்னுதுன்னு சொன்னா, அடுத்த வாரம் சூரியனை அதட்டி உட்கார வச்சேம்பீங்க."

"அவ உங்க தாடையைப் பிடிக்கலேன்னா இந்நேரம் உங்க படத்துக்கு நான் பொட்டு வச்சிருப்பேன்."

"அதுக்காகப் பொய்யா சொல்ல முடியும்?"

"மெய்யைச் சொல்லுங்கன்னுதானே கேக்கறேன், மனுஷா."

மூன்று வாரமும் இதே பாட்டு. தட்டைத் தட்டென்று வைப்பேன், அவர் தட்டைத் தள்ளி வைப்பார். மாப்பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் உப்பு டப்பாவைப்போல நகர்ந்துகொண்டே இருந்தார். நான் திட்டியதில் சுவரில் காரை உதிர்ந்தது, வீட்டுக்காரர் ஏன் என்று கேட்டு வந்தார். சம்பந்தி மட்டும் உதிரவில்லை.

ஒரு நாள் மாலை மகள் வேலையிலிருந்து வந்தாள். உரிமம் இல்லாததால் கொட்டகையில் மற்றவர்களின் ரப்பர் உடுப்பைத் துவைத்துக்கொண்டிருந்தாள், கை வெளுத்துச் சுருங்கியிருந்தது. நாங்கள் சண்டையின் நடுவில் இருந்தோம். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அம்மா, நீ திட்டினே, திட்டினேன்னு தெரு முழுக்கச் சொல்லியாச்சு. மாமா, நீங்க பார்க்கல, பார்க்கலேன்னு சொல்லியாச்சு. நான் அங்க என்ன செஞ்சிட்டிருந்தேன்னு ரெண்டு பேர்ல ஒருத்தர் கேட்டீங்களா? விட்டா இவர் போயிடுவார், விடாம இருந்தா ரெண்டு பேரும் போயிடுவோம்னு தெரிஞ்சே நின்னேன். இந்த வேலைக்கு லாயக்கில்லேன்னு ஒரு காகிதத்துல எழுதி வாங்கிட்டு ஊருக்கு வரவா நான்?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் மகளுக்கு என் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு வருவதைவிடச் சத்தம் குறைவு, ஆனால் ஆழமாக இறங்கியது.

விசாரணை ஒரு சாதாரண அறையில் நடந்தது. நீள மேசை, தண்ணீர்க் கூஜா, ஒரு கால் ஆடுகிற நாற்காலிகள். அதிகாரி தலை நரைத்த ஒரு பெண். முன்னால் மகளின் உரிம அட்டை. பக்கத்தில், நம் மொழி தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர், ஜலதோஷத்தோடு. அதிகாரி தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். கேள்வி இரண்டுதான். நிற்கக் கூடாது என்று பயணிக்குச் சொல்லப்பட்டதா? தண்ணீர் நேரத்துக்கு முன்னால் ஏறியதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அட்டை திரும்பும். இல்லை என்றால் இல்லை.

விசில் எழுந்து, எங்களுக்கும் புரியட்டும் என்று நம் மொழியிலேயே சொன்னான். "இந்தப் பெரியவருக்கு ஒண்ணும் சொல்லித் தரல. சொல்லியிருந்தா ஏன் எழுந்து நிக்கப்போறாரு? தண்ணி இடுப்பளவுதான், ஏறவே இல்ல. பின்னாடியே இருந்தேன்."

எனக்குப் பொங்கிவிட்டது. "உன் தலைமுடி காஞ்சிருந்துச்சேடா, பாவி. ஆத்துல வந்தவன் தலை எப்படிடா காயும்? போன் பேசப் போனவன் இங்க வந்து..." என்று தொடங்கி, நல்ல மூச்சாக இரண்டு நிமிடம் திட்டினேன். என் வாழ்நாளின் சிறந்த திட்டு அது. மொழிபெயர்ப்பாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு மூன்று சொற்களில் முடித்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "அம்மாவுக்கு வருத்தம்னு சொன்னேன்" என்றார்.

அதிகாரி என்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். இன்னொரு சொல் வந்தால் அறைக்கு வெளியே. நான் வாயை மூடினேன். ஆற்றை நிறுத்திய வாய், ஒரு மேசைக்கு முன்னால் செல்லாமல் போனது. பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது. மகள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தியைக் கூப்பிட்டார்கள். ஊன்றுகோலோடு எழுந்தார். அதிகாரி கேட்பதற்கு முன் அவர் விசிலைப் பார்த்துத் திரும்பினார்.

"பின்னாடியே இருந்தேன்னியே தம்பி. எவ்வளவு பின்னாடி?"

"ஒரு இருபது முப்பது அடி, சார்."

"இருபதா, முப்பதா?"

"சுமாரா, சார்."

"சுமாரான்னு ஒரு அளவு கிடையாது." அவர் குரல் மாறியது. கடைக்காரர்கள் அந்தக் குரலுக்குத்தான் கல்லாவின் அடியில் ஒளிந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. "முப்பதடியில இருந்திருந்தா என் மருமக மூணு தடவை ஊதின விசில் உனக்குக் கேட்டிருக்கும். உன் கழுத்துலயும் ஒண்ணு தொங்குது, பதிலுக்கு ஊதியிருப்பே. ஒரு சத்தமும் வரல. எனக்குக் கண்ணுதான் மூடியிருந்துச்சு, காது திறந்துதான் இருந்துச்சு. கள்ள எடைக்கல்லை நான் கையில தூக்கிப் பார்த்தே சொல்லிடுவேன், தம்பி."

விசில் உட்கார்ந்தான். அதிகாரி, நிற்கக் கூடாது என்று சொல்லப்பட்டதா என்று கேட்டார்.

"சொன்னா. மூணு தடவை. தரையில படுத்துக் காட்டவும் சொன்னா, நான் படுக்கல." சம்பந்தி ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தார். "விழுந்ததும் படுக்கணும்னு ஞாபகம் இருந்துச்சு. ஆனா படகுல சம்பந்தியம்மா என்னையே பார்த்துட்டு இருந்தாங்க. பொண்ணு குடுத்தவங்க. அவங்க மூஞ்சிக்கு நேரா ரெண்டு காலையும் தூக்கி நீட்டிட்டு மல்லாந்து எப்படிக் கிடக்கிறது? மரியாதையா இருக்குமா? அதனால எழுந்து நின்னேன். இதை வெளியில சொல்ல வெட்கமா இருந்துச்சு. மூணு வாரம் அந்த வெட்கத்தைத்தான் கட்டிட்டு உட்கார்ந்திருந்தேன். தப்பு என்னுது. அவ மேல ஒரு குந்துமணி தப்பு இல்ல."

மொழிபெயர்ப்பாளர் இதை எப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. அதிகாரி ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார், பிறகு சம்பந்தியின் காலைப் பார்த்தார். தண்ணீர் ஏறியதா என்று கேட்டார்.

"ஏறிச்சு. பார்க்கல, ஆனா அளந்தேன். சட்டையில மூணு பக்கிள். நிக்கும்போது வயித்துப் பக்கிளுக்குக் கீழ. அது நனைஞ்சதும் எண்ண ஆரம்பிச்சேன். எண்ணுறது பழக்கம். இருநூத்திப் பத்துல நெஞ்சுப் பக்கிள். முந்நூத்தி எண்பதுல கழுத்துப் பக்கிள். நானூத்தி நாப்பதுல உதடு. பயத்துல எண்ணினது சரியான்னு சந்தேகம் இருந்துச்சு. மூணு வாரமா தினமும் கடிகாரத்தை வச்சு எண்ணிப் பார்த்துட்டேன். என் எண்ணிக்கை நிமிஷத்துக்கு ரெண்டுதான் கூடுது."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். அணைக்காரர்களின் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் பேனாவால் ஒரு கோடு போட்டார். பிறகு உரிம அட்டையை எடுத்து மேசையின் குறுக்கே தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு வந்து மகளின் வெளுத்த விரலில் முட்டி நின்றது. அவள் அதை எடுக்கவில்லை, மேலே கையை வைத்து மூடிக்கொண்டாள்.

கோப்பை மூடப்போன அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, உதடுவரை வந்த தண்ணீர் பிறகு ஏன் இறங்கியது என்று கேட்டார்.

சம்பந்தி என் பக்கம் திரும்பினார். பெஞ்சில் நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அதற்கு அங்கிருந்த அத்தனை பேரும் சாட்சி.

"இவங்க திட்டினாங்க" என்றார் சம்பந்தி. "நின்னுச்சு. நடந்ததுதான். எழுதிக்குங்க."